முதலில் பார்த்தவள்

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம். நான் நலம், உங்கள் இடுப்புவலி தேவலையா?

இந்த வீட்டில் நான் சம்பளத்துக்கு வளர்க்கும் பையனுக்குப் பல் முளைக்கிறது. குளிரவைத்த ஈரத்துணியை ஈறில் ஒற்றினால் அடங்குகிறான். திங்களன்றே பல்லைப் பார்த்துவிட்டேன். ஆபீசுக்கு ஓடும் அவன் அம்மா முதலில் பார்க்கட்டும் என்று நாலு நாள் வாயைத் திறக்கவில்லை.

நேற்று பார்த்தார். “நாள் பூரா தூக்கி வச்சிருக்க, உனக்குக் கண்ணு முதுகுலயா இருக்கு?”

“நீங்கதாம்மா முதல்ல பாத்தீங்க” என்றேன். அழுதுவிட்டார். அவருக்கு மூன்றாம் மாதமே பிரசவ லீவு முடிந்ததாம். அந்தச் சட்டத்தைப் போட்டவன் ஒரு குழந்தையையும் தூக்கியிருக்க மாட்டான்.

ஒப்பந்தம் முடிந்து நான் ஊருக்கு வர இன்னும் ஒன்றரை வருடம். நம் பாப்பாவுக்கு முளைத்தால் மறைக்காமல் அன்றே எழுதுங்கள். தினமும் ஈரத்துணியால் ஈறைத் துடையுங்கள். மேல் பல்லா, கீழ்ப் பல்லா என்றும் எழுதுங்கள். பையன் எழுந்துவிட்டான், போகிறேன்.