பாய்லர்காரர் படித்த பேய்க்கதை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், அம்மாவுக்கு இடது முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தாலே வலிக்க ஆரம்பித்துவிடுகிறது, மற்றபடி வாய்க்கு ஒரு குறையும் இல்லை. நீ அங்கே சுகமாக இருக்கிறாய் என்று அம்மா போனை வைத்ததும் எனக்குச் செய்தி வாசிக்கிறாள், அதைக் கேட்டுத்தான் நானும் நிம்மதியாக இருக்கிறேன். இதைப் போனிலேயே சொல்லித் தொலைக்காமல் எதற்கு இந்த மனுஷன் பேனாவைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார் என்று நினைப்பாய். போனை வாங்கினால் சாப்பிட்டியா, அங்க குளிரா என்று இரண்டு கேள்வி கேட்கிறேன், நீ நல்லா இருக்கேன்பா என்கிறாய், அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுவிடுகிறது. ஐந்து மாதமாக இதே கதைதான். காரணம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உன் அறைச் சுவரில் ஈரம் ஏறியதென்று சாமான்களை வெளியே எடுத்தபோது, உன்னுடைய அந்த ஐந்து பாகக் கதைப் புத்தகங்களையும் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். நீ வருத்தப்பட்டபோது, பேய்க்கதைதானே, அதுக்கு எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று வேறு சொல்லிவிட்டேன். கொடுத்ததைவிடச் சொன்னதுதான் உனக்குச் சுட்டது என்று அம்மா சொன்னாள். அன்றைக்கு எனக்கு அது ஏறவில்லை. இப்போது ஏறியிருக்கிறது. எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

நீ கோபித்துக்கொண்ட அடுத்த வாரமே நூலகத்துக்குப் போனேன். கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் என்ற நினைப்பு. அங்கே இருக்கும் நூலகர் அம்மாவை நீ பார்த்திருப்பாய், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு அதற்கு மேலாக நம்மைப் பார்ப்பாரே, அவர்தான். அஞ்சுக்கும் முத்திரை குத்தியாச்சு, பதிவேட்டுல ஏத்தியாச்சு, இனிமே இது எல்லாருக்கும் பொதுப் புத்தகம் சார் என்றார். என் பொண்ணோடதும்மா என்றேன். உங்க பொண்ணா கொண்டுவந்து குடுத்தாங்க என்று கேட்டார். வேணும்னா உறுப்பினராச் சேர்ந்து எடுத்துப் படிங்க என்று ஒரு படிவத்தை நீட்டினார். வீம்புக்குத்தான் சேர்ந்தேன் பாப்பா, பொய் சொல்லமாட்டேன். பெற்ற அப்பனோடு பேச்சை நிறுத்துகிற அளவுக்கு அப்படி என்னதான் இதில் எழுதியிருக்கிறார்கள், பார்த்துவிடுகிறேன் ஒரு கை என்று முதல் பாகத்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக ஷிப்டுக்குப் போனேன்.

நான் எதிர்பார்த்தது ஒன்று, உள்ளே இருந்தது ஒன்று. தலையை விரித்துப்போட்டுக்கொண்டு ஏதோ ஒரு பேய் வந்து நாலு பேரைப் பயமுறுத்தும் என்று பார்த்தால், மூன்றாவது பக்கத்திலேயே பாய்லர் வந்துவிட்டது! ஆகாயத்தில் ஒரு கப்பல், அதன் வயிற்றில் ஒரு பாய்லர், பித்தளைச் சக்கரம், கரி, புகை, எண்ணெய்ப் பிசுக்கு. எனக்கு நிமிர்ந்து உட்காரவேண்டியதாகப் போய்விட்டது. அந்த இன்ஜின் அறையில் ஸ்பேனரும் கையுமாக ஒரு பெண், ஆளைப் பார்த்தால் சின்னவள், முடுக்கிய இடத்தை விட்டு அசையமாட்டாள் என்று எல்லாரும் அவளைத் திருகாணி என்று கூப்பிடுகிறார்கள். கப்பல் தலைவனிடமே நீங்க மேல காத்து எப்படி அடிக்குதுன்னு பாருங்க, கீழ நெருப்பை நான் பார்த்துக்கறேன் என்கிறாள், என்ன வாய் பார். அப்புறம் அந்தப் பேய். செத்துப்போன கரி அள்ளுகிறவர், அடுத்த ஷிப்டுக்கு ஆள் வராததால் செத்த பிறகும் வேலையை விட்டுப் போகாமல் பாய்லர் பக்கத்திலேயே நிற்கிறார். ஒரு தட்டுத் தட்டினால் தண்ணீர் குறைகிறது, இரண்டு தட்டினால் பிரஷர் ஏறுகிறது என்று அவளுக்கு அர்த்தம். ஆஸ்பத்திரி பாய்லரோடு முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், மாற்று ஆள் வராமல் ஒருத்தர் அங்கேயே நிற்பதுதான் அந்தப் புத்தகத்திலேயே அப்படியே நம்பக்கூடிய விஷயம்.

ஆனால் என்னுடைய வாய் சும்மா இருந்தாலும் கை சும்மா இருக்காதே. எங்கள் வேலையில் மணிக்கு ஒருதரம் லாக் புத்தகத்தில் பிரஷர் எவ்வளவு, தண்ணீர் மட்டம் எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும், தப்பு ஏதாவது கண்ணில் பட்டால் அதையும் எழுதவேண்டும், உனக்குத் தெரியும். திருகாணி என்ன செய்கிறாள் என்றால், தண்ணீர் மட்டம் காட்டுகிற கண்ணாடி காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, சூடேறிக் கிடக்கிற பாய்லருக்குள் பம்பைப் போட்டுத் தண்ணீர் விடுகிறாள். கண்ணாடியில் தண்ணீர் தெரியவில்லை என்றால் முதலில் நெருப்பை நிறுத்தவேண்டும், அதை விட்டுவிட்டுத் தண்ணீர் விட்டால் பாய்லர் வெடித்துக் கப்பலும் இருக்காது கதையும் இருக்காது. எழுதினவருக்குத் தெரியாது, சரி, பக்கத்தில் இருந்த பேய்க்குக்கூடவா தெரியாது? பேனா என் கையில் எப்போது வந்தது என்றே தெரியவில்லை. பக்கத்தின் ஓரத்தில், மாலை 4.10, மட்டக் கண்ணாடி காலி, தீ நிறுத்தப்படவில்லை, பணியாளர் கவனக்குறைவு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, என் பணியாளர் எண்ணையும் போட்டுவிட்டேன். ஒரு இடத்தில் இல்லை பாப்பா, பதினேழு இடத்தில். திருப்பிக் கொடுக்கப் போனபோது நூலகர் அம்மா பிரித்துப் பார்த்தார். பொதுவா புத்தகத்துல கிறுக்கினது யாருன்னு கண்டுபிடிக்கவே முடியாது சார், நீங்க நம்பரோட போட்டிருக்கீங்க என்றார். சிரிக்கிறாரா திட்டுகிறாரா என்று தெரியாமல் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கெடுத்த புத்தகத்துக்குப் பதிலாகப் புதுசு ஒன்று கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பழசை எடுத்துப் போகவேண்டும், அதுதான் அங்கே விதி என்றார்.

அப்படித்தான் உன் முதல் பாகம் வீட்டுக்கு வந்தது. விஷயத்தைக் கேட்டு அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்போ மத்த நாலுலயும் கிறுக்கிடுங்களேன் என்றாள். எப்படி மூளை பார் உன் அம்மாவுக்கு! எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் தெரியாமல் செய்தது வேறு, தெரிந்து செய்வது வேறு, மனசு ஒப்பவில்லை. இரண்டாம் பாகத்தைப் பேனாவைத் தொடாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். மூன்றாம் பாகத்தை எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி எடுத்துப் போயிருந்தாள், ஆளைக் கண்டுபிடித்து, முடிச்சாச்சா, முடிச்சாச்சா என்று தினமும் கேட்டு அந்தப் பெண்ணின் உயிரை வாங்கிவிட்டேன். கேன்டீனில் நாங்கள் இரண்டு பேரும் சண்டை போடுவதைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும். திருகாணி, கப்பலுக்கு வழி பார்த்துச் சொல்கிற அந்த வரைபடக்காரனைத்தான் கட்டிக்கொள்ளவேண்டும் என்கிறாள் அவள். ஒரு போல்ட்டை நேராக முடுக்கத் தெரியாத பயல், அவனுக்கா எங்கள் பெண்ணைக் கொடுப்பது என்றேன் நான். எங்க பொண்ணா, எப்போலேர்ந்து சார் என்று கேட்டுவிட்டாள்.

இதற்கு நடுவில் ஒன்று, மறப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். அங்கே உன் அறையில் காலையில் ஹீட்டர் ஏறும்போது குழாய்க்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது மாதிரி சத்தம் வருகிறது, பயமாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாயாம். நீராவியில் ஓடுகிற ஹீட்டர் என்றால் அது பேய் இல்லை, நம்ம கதையில் வருகிற கரி அள்ளுகிற பெரியவரும் இல்லை. குழாயில் தேங்கி நிற்கிற தண்ணீரில் நீராவி போய் மோதுகிற சத்தம். வால்வைப் பாதி திறந்து வைக்காதே, திறந்தால் முழுசாகத் திற, மூடினால் முழுசாக மூடு. அப்படியும் சத்தம் நிற்கவில்லை என்றால் குழாயின் சரிவைப் பார்க்கச் சொல்லிக் கட்டடத்துக்காரரிடம் சொல், நீயே ஸ்பேனரைத் தூக்காதே. நீ தூக்குவாய் என்று எனக்கு இப்போது ஒரு சந்தேகம் இருக்கிறது.

நாலாம் பாகத்துக்கு வருகிறேன். அதைப் படிக்கும்வரை எனக்கு ஒரே ஒரு கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. உலகத்தில் எத்தனையோ கதை இருக்க, இந்தப் பிள்ளைக்கு ஏன் இது பிடித்தது? ராஜா ராணி, துப்பறிகிறது, காதல் எல்லாம் விட்டுவிட்டு, புகையும் கரியும் பாய்லரும்? நம் வீட்டில் அதையெல்லாம் நான் சட்டையில் சுமந்துகொண்டு வருவது போதாதா? நூற்று நாற்பதாம் பக்கத்தில் பதில் கிடைத்தது. திருகாணி சின்னப் பெண்ணாக இருந்தபோது முதல்முறையாக இன்ஜின் அறை வாசலுக்கு வந்து, உள்ளே பார்க்கலாமா என்று கேட்கிறாள். இங்க பொம்பளைப் பிள்ளைக்கு என்ன வேலை, போ வீட்டுக்கு என்று தலைமை இன்ஜினியர் விரட்டிவிடுகிறார். அந்த வரிக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு. ஐந்து பாகத்திலும் நீ போட்ட கோடு அது ஒன்றுதான், நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

எனக்கு மேலே படிக்க ஓடவில்லை. ஏழாம் வகுப்பு விடுமுறையில் அம்மா கொடுத்தனுப்பிய சாப்பாட்டுக் கேரியரோடு நீ பாய்லர் ஹவுஸ் கேட்டில் வந்து நிற்பாய். அப்பா, உள்ள எப்படி இருக்கும், ஒரே ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேன்பா என்பாய். நான் கேரியரை வாங்கிக்கொண்டு, எழுத்து மாறாமல் அதே வார்த்தையைச் சொல்லி உன்னைத் திருப்பி அனுப்புவேன். ஒரு நாள் இல்லை, எத்தனையோ நாள். சூடு, சத்தம், பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் எனக்கு, அதை அப்படியே சொல்லியிருந்தால் என் தலையா போயிருக்கும்? அப்புறம் நீ கேட்பதை நிறுத்திவிட்டாய், நானும் அப்பாடா என்று இருந்துவிட்டேன். நான் காட்டாததைத்தானே நீ அந்தப் புத்தகத்தில் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதையும் பேய்க்கதை என்று சொல்லித் தூக்கிக் கொடுத்துவிட்டேனே. எனக்கு ரொம்ப வெட்கமாக இருக்கிறது பாப்பா. தப்பு என்னுடையதுதான், என்னை மன்னித்துவிடு.

மறுநாளே நூலகர் அம்மாவிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொல்லி, மீதி நாலு பாகத்துக்கும் புதுசு கொண்டுவந்து தருகிறேன், என் பெண் படித்த புத்தகங்களை மட்டும் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, இதை முதல் நாளே இப்படிக் கேட்டிருக்கலாமே சார் என்றார். எனக்கு எங்கே கேட்கத் தெரிகிறது? இப்போது ஐந்தும் உன் அலமாரியில் இருக்கின்றன, சுவர் காய்ந்துவிட்டது, முத்திரைதான் போகாது. ஐந்தாம் பாகத்தில் நாற்பது பக்கம் பாக்கி வைத்திருக்கிறேன். பிரஷர் மீறினால் நீராவியை வெளியே விடுகிற சேஃப்டி வால்வைத் திருகாணி அமுக்கிக்கொண்டு நிற்பதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ளமாட்டேன், ஆனாலும் கப்பல் தப்பித்ததா இல்லையா என்று அடுப்படியில்கூட அதே நினைப்பாக இருக்கிறது. முடிவைச் சொல்லிவிடாதே.

கடைசியாக ஒன்று. வருஷத்துக்கு ஒரு முறை பாய்லரை நிறுத்தி, முழுசாக ஆறவிட்டு, மூடியைக் கழற்றி உள்ளே சோதனை போடுவோம். அந்த இரண்டு நாள் மட்டும் விளக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே தலையை விட்டுப் பார்க்கலாம், சூடும் இல்லை, ஆபத்தும் இல்லை. இந்த முறை உனக்கு லீவு கிடைக்கிற மாதத்தில்தான் அது வருகிறது. எங்கள் ஆஸ்பத்திரி இன்ஜினியரிடம் கேட்டேன், வாயைத் திறந்து கேட்டேன். யார் வர்றாங்க, ஏதாவது இன்ஸ்பெக்டரா என்றார். என் பொண்ணு சார், ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே வந்துட்டா, நான்தான் கேட்லயே நிறுத்திட்டேன் என்றேன். நீ உள்ளே வருவதற்கான பாஸில் கையெழுத்துப் போட்டார். இந்தக் கடிதத்தோடு அதை மடித்து வைத்திருக்கிறேன். நீ வரமுடியாவிட்டாலும், கோபம் ஆறவில்லை என்றாலும் பரவாயில்லை, அதைத் திருப்பி அனுப்பவேண்டாம், உன்னிடமே இருக்கட்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, கண் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே. அம்மா உன்னை அணைத்து முத்தம் கொடுத்ததாக எழுதச் சொல்கிறாள். எங்கே இருந்தாலும் நீ நினைத்ததெல்லாம் நடந்து, மனசு குளிர, நோய்நொடி இல்லாமல் நிறைய வருஷம் நீ நன்றாக இருக்கவேண்டும். வருவதாக இருந்தால் பழைய துணியாக ஒன்று எடுத்துவா, உள்ளே கரி ஒட்டும். தலைக்கு ஹெல்மெட் உன் அளவில் வாங்கி வைத்திருக்கிறேன், இந்த முறை கேட்டை நானே திறந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா