குணமாகிவிட்ட முழங்கால்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உன் தங்கையும் நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று வழக்கம்போலக் கேட்கப்போவதில்லை, அதைத்தான் ஓரம்கூட விடாமல் நாலு பக்கம் எழுதி அனுப்பிவிட்டாயே. கடவுள் இருக்கிறாரா இல்லையா என்பதற்கு அதில் இரண்டரைப் பக்கம், உன் இருமல் இருக்கிறதா இல்லையா என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. பதில் போட இருபது நாளாகிவிட்டது, கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை. போனில் பேசலாம்தான், ஆனால் உங்கள் விடுதித் தாழ்வாரத்தில் பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்க நீ "ம்" என்பாய், நான் இங்கே அழுவேன், இரண்டும் யாருக்கும் உதவாது. அதோடு உனக்கு எழுதுவதற்கு முன்னால் நான் செய்துமுடிக்க வேண்டிய காரியம் ஒன்று இருந்தது.

முதலில் உன் சங்கதி. வேதாகமக் கல்லூரிக்கு ஊழியத்துக்குப் படிக்கப்போன பிள்ளை முதல் தடவையாகப் பிரசங்க மேடையில் ஏறினாய், கடுகளவு விசுவாசம் என்பது தலைப்பு. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது, கையில் பதினோரு பக்கம் எழுதி வைத்திருந்தும் ஓர் எழுத்து கண்ணில் படவில்லை, மூன்றாம் நிமிடம் ஆமென் சொல்லி இறங்கிவிட்டாய். கடுகைப் பற்றிப் பேசப்போய்க் கடுகளவும் பேசாமல் இறங்கிய ஒரே பிரசங்கி நீதான். ஆனாலும் மூன்று நிமிடத்தில் முடிந்த பிரசங்கம் நம் சபையில் நடந்திருந்தால் அற்புதங்களின் கணக்கில் சேர்த்திருப்பார்கள், நம் பாஸ்டர் "கடைசியா ஒரு வார்த்தை" என்று சொன்ன பிறகுதான் நான் வீட்டில் அடுப்பை அணைத்தேனா என்று நிதானமாக யோசிக்கத் தொடங்குவேன். அன்றிலிருந்து ஜெபம் கூரையைத் தாண்டவில்லை, மேலே ஆளே இல்லையோ என்று தோன்றுகிறது, பெட்டியைக் கட்டிவிட்டேன், மாதக் கடைசியில் வந்துவிடுவேன், யாரிடமும் சொல்லாதே என்று எழுதியிருக்கிறாய். உலகத்தில் சந்தேகத்தைக் கண்டுபிடித்த முதல் ஆள் என்கிற தோரணை வேறு.

யாரிடமும் சொல்லாதே என்றாயே, அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். உன் கடிதம் வருவதற்கு முன்பே சபை முழுக்கச் சொல்லிவிட்டிருந்தேன், அதுவும் வேறு கதையை. கடவுள் செய்த நன்மையை எழுந்து சொல்கிற சாட்சி நேரத்தில், நடக்கப்போவதை நடந்துவிட்டதாகச் சொல்வதுதான் விசுவாசம் என்று நம் சபையில் ஒரு பழக்கம் வந்திருப்பது உனக்குத் தெரியும். நீ பிரசங்கித்த அந்த ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்கு நான் எழுந்து நின்று, என் மகன் இன்று தன் முதல் பிரசங்கச் செய்தி கொடுத்தான், அநேகர் கண்ணீர்விட்டார்கள் என்று சாட்சி சொன்னேன். நீ மேடையேறியதோ பதினொரு மணிக்கு. கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் பதினாலு வருஷமாக வேலைபார்க்கிறவள் நான், சோதனை செய்வதற்கு முன்பே நோட்டில் முடிவை எழுதிவைக்கும் பிள்ளைகளை வாரத்துக்கு நாலு பேரைப் பிடித்து, "ஏம்மா, இன்னும் ஒரு சொட்டு விழல, அதுக்குள்ள கலர் மாறிடுச்சா?" என்று மானத்தை வாங்குகிறவள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்குச் சொட்டு விழாமலே கலர் மாறிவிட்டது. பாஸ்டருக்கு அதைவிட அவசரம், "அல்லேலூயா, அப்ப லீவுக்கு வர்றப்ப தம்பி நமக்கும் செய்தி குடுக்கட்டும்" என்று அன்றைக்கே அறிவிப்புப் பலகையில் உன் பெயரைச் சிவப்பு எழுத்தில் தேதியோடு போட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை உன் கடிதம் வந்தது. ஆய்வகத்தில் அமில பாட்டில் அலமாரிக்குப் பின்னால் நின்று படித்தேன். படித்து முடித்ததும் எனக்கு வந்த முதல் எண்ணம் "ஐயோ என் பிள்ளை" என்பதல்ல கண்ணா, "ஐயோ அந்தப் பலகை" என்பதுதான். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் தெரிந்துகொள். நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு அங்கே படுத்துக் கிடக்கிறாய், நான் இங்கே சிவப்பு எழுத்தை நினைத்து வியர்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்கப்புறம் ஒரு ஞாயிறு சமாளித்தேன். பாடகர் குழுவில் ஒலிபெருக்கியை விடவே விடாத நம் மைக் அக்கா வழிமறித்து, "பையன் செய்தியில எத்தன பேரு ரட்சிக்கப்பட்டாங்க?" என்றாள், நானும் கூசாமல் "இன்னும் எண்ணிட்டிருக்காங்கக்கா" என்றேன். ஒரு பொய்க்குத் துணையாக இன்னொன்று, அதற்குத் தொட்டுக்கொள்ள மூன்றாவது. உன் தங்கை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் மறுபடி எழுந்தேன். உன் தங்கை புடவையைப் பிடித்து இழுத்து, "உக்காரும்மா, மானம் போகுது" என்றாள். போகட்டும் என்றுதான் நின்றேன். அன்று நான் சொன்ன சாட்சி பொய், பிரசங்கம் நடப்பதற்கு முன்பே சொன்னேன், அது அப்படி நடக்கவும் இல்லை, யாரும் அழவும் இல்லை, பலகையில் உள்ளதை அழித்துவிடுங்கள் என்றேன். உன் ஜெபத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அது உன்னுடையது. ஆனால் பிரசங்கம் சரியாகப் போகவில்லை என்பதைச் சொல்லாமல் என் பொய்யைச் சொல்ல முடியவில்லை, அதற்கு என்னை மன்னித்துவிடு. பாஸ்டர் தொண்டையைச் செருமிவிட்டு, ஒரு பாட்டுப் பாடுவோம் என்றார், சங்கடம் வந்தால் நம்மாட்களுக்கு உடனே பாட்டு வந்துவிடும். ஆராதனை முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சிஸ்டர், ஞாயிறு பள்ளியில ஒரு மாசம் ஓய்வெடுத்துக்குங்க, பிள்ளைங்க குழம்பிடக் கூடாதுல்ல" என்றார். நான் பொய் சொன்னபோது குழம்பாத பிள்ளைகள் உண்மையைச் சொன்னதும் குழம்பிவிடுவார்களாம். பன்னிரண்டு வருஷம் நடத்திய வகுப்பு, வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று நடந்தது, கேள். செருப்பு விடுகிற இடத்தில் தையல்கார அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் முழங்கால் குணமாகிவிட்டதென்று சாட்சி சொல்லி மேடைப்படியில் ஏறி இறங்கிக் காட்டினாளே, சபையே கைதட்டியதே, அவளேதான். செருப்பைத் தேடுகிற மாதிரிக் குனிந்து என் காதோடு, "உன் தைரியம் எனக்கு இல்லடி. இந்த முட்டி ஒரு நாளும் குணமாகல. சபைக்குள்ள நேரா நடந்து நடந்து இப்ப இடுப்பும் போச்சு" என்றாள். தெருமுனை மருந்துக்கடை வரைக்கும் நிமிர்ந்து நடப்பாளாம், அதைத் தாண்டியதும் நொண்டுவாளாம். நாங்கள் இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைப் பார்த்து மைக் அக்கா நாங்கள் பரவசத்தில் இருப்பதாக நினைத்துக் கையை உயர்த்தினாள். சிரித்து முடித்து, "அப்புறம் ஏங்க்கா வாராவாரம் வர்றீங்க?" என்று கேட்டேன். "வலிக்குதுல்ல, வேற எங்க போயிச் சொல்றது?" என்றாள். "நீங்கதான் யார்கிட்டயும் சொல்லவே இல்லையே" என்றேன். "மனுஷங்ககிட்டதான்டி சொல்லல" என்றாள்.

உனக்குச் சொல்லாத ஒன்று என்னிடமும் இருக்கிறது. நாலு வயதில் உனக்குக் காய்ச்சல் வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாயே, நீ பிழைத்ததை நான் எத்தனையோ தடவை சாட்சி சொல்லியிருக்கிறேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண்குழந்தை இருந்ததை ஒரு தடவையும் சொன்னதில்லை. அதன் அம்மா என்னைவிட நன்றாக ஜெபித்தாள், ராப்பகலாக முழங்காலில் நின்றாள், நான் நடுவில் தூங்கிப்போனேன். நீ எழுந்து உட்கார்ந்த நாளில் அந்தக் குழந்தை போய்விட்டது. அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் உன்னைத் தூக்கிக்கொண்டு பக்கவாசல் வழியாக வந்துவிட்டேன். ஏன் என்று அன்றைக்குக் கேட்க ஆரம்பித்தேன், பதினாறு வருஷமாக இன்னும் அதைத்தான் கேட்கிறேன், மற்றவர்கள் அதை ஜெபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பதில் வந்ததா என்றால் வரவில்லை. விட்டுவிட்டேனா என்றால் அதுவும் இல்லை. சில நாள் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். இல்லாத ஆளோடு இவ்வளவு காலம் யாராவது சண்டை போடுவார்களா என்பதுதான் என் கையில் மிச்சமிருக்கும் விசுவாசம், அதைக் கடுகு என்றால் கடுகுக்கு அவமானம்.

உங்கள் கல்லூரி முதல்வர் அடுத்த மாதம் இன்னொரு வாய்ப்புத் தருவதாகச் சொன்னதை நாலாம் பக்கம் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒளித்து வைத்திருக்கிறாய், நான் பூதக்கண்ணாடி இல்லாமலே பார்த்துவிட்டேன். ஏறு, ஏறாதே என்று சொல்லமாட்டேன். ஏறினால் பதினோரு பக்கம் வேண்டாம், உனக்கு உண்மையாகத் தெரிந்தது அரைப் பக்கம் தேறினால் அதைச் சொல், மிச்சம் தெரியாதென்று சொல். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், கூரை விழவில்லை, ஞாயிறு பள்ளிதான் போயிற்று. போன வாரமும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தேன், பாட வரவில்லை, பாட்டுப் புத்தகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தேன். வருகிற ஞாயிறும் போவேன். நீ வருவதானாலும் வா. அப்பா கடிதத்தைப் படித்துவிட்டு, "வரட்டும், ரெண்டு நாள் தூங்கட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்றதோடு சரி, மறுநாள் பார்த்தால் உன் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார். பலகையைத் துடைத்துவிட்டார்கள். உன்னை இங்கே எதிர்பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நாங்கள் மூன்று பேர் மட்டும்தான்.

இருமலுக்கு வெந்நீர் குடி, மருத்துவரிடம் போ, ஜெபித்துக் குணமானது என்று மட்டும் எனக்கு எழுதாதே. உன்னால் கடவுளைக் கூப்பிட முடியாத நாட்களிலும் அவர் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாராக. அங்கேயே தங்குவதென்று முடிவானால் எனக்கு ஒரு வரி போடு, இந்தத் தடவை சாட்சி நேரத்தில் வாயைத் திறக்கமாட்டேன்.

என்றும் உன்,
அம்மா