ஏழாம் நம்பர் மலைக் கவாத்து

சேரம்பாடி
23.6.2002

அன்பு மகள் ரேணுகாவுக்கு அப்பா தங்கவேலு எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மழை பிடித்துக்கொண்டதால் அம்மாவுக்கு முழங்கால் குடைச்சல் வந்திருக்கிறது, அது வருஷா வருஷம் வருகிற விருந்தாளிதான், தானே போய்விடும். நீயும் அந்தக் கடற்கரை ஊரில் சளி இருமல் அண்டாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டே இருக்கிறோம்.

உன் கடிதம் போன சனிக்கிழமை வந்தது. அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன், முதல் தடவை அழுதாள், இரண்டாம் தடவை என்னைத் திட்டினாள். எஸ்டேட் மூடிக் கிடப்பதை அங்கே உன்கூட இருக்கிற ஜெஸிந்தாவின் அம்மா கூடலூரிலிருந்து போனில் சொல்லித்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டியதாகிவிட்டது, அது என் தப்பு. நீ அயர்லாந்துக்குப் போன இரண்டாம் மாசமே, போன வருஷம் மே மாசத்தில், பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை என்று ஆபீசைப் பூட்டிவிட்டார்கள். ஒவ்வொரு கடிதத்திலும் நாங்கள் வேலைக்குப் போய் வருகிறோம் என்று எழுதினேனே, அது முழுப் பொய் இல்லை, அம்மா எல்லை தாண்டி வயநாட்டுப் பக்கம் காப்பிப் பழம் பறிக்கவும் இஞ்சிக் காட்டுக்கும் போனாள், நான் விறகு பிளக்கப் போனேன். ஆனால் எந்த வேலை என்று எழுதாதது கள்ளத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். எங்களைக் கவனிக்க ஆகஸ்ட்டில் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய் பார், அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குத்தான் இந்த நீளக் கடிதம், பொறுமையாகப் படி.

முதலில் உன் மரக் கதைக்கு வருகிறேன். அங்கே கடலோரத்து மரமெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, கூன் விழுந்து, எதற்கோ பயந்து ஓடுவதுபோல் நிற்கின்றன, இங்கே மரமே பிழைக்கவில்லை, நான் எப்படிப் பிழைப்பேன் என்று எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்புதான் வந்தது, ஏனென்றால் உன் வயசில் நானும் மரத்தைப் பார்த்து ஏமாந்தவன்தான். சிலோனிலிருந்து கப்பலில் வந்து மண்டபம் கேம்ப்பில் இறங்கியபோது எனக்குப் பத்தொன்பது வயசு. அந்த மணல் காட்டில் உடைமரங்கள் நின்றன, தலை அத்தனையும் ஒரே மட்டம், குடையை விரித்து வைத்தது மாதிரி. மலையில் பிறந்து, தேயிலைத் தலையை மட்டமாக வெட்டுகிற கவாத்துக் கத்தியோடு வளர்ந்தவனுக்கு வேறு என்ன தோன்றும், பக்கத்தில் நின்ற உள்ளூர்க்காரரிடம், இவ்வளவு முள்ளுக்குள்ள ஏறி யாருங்க கவாத்து வெட்டுறாங்க, என்று கேட்டுவிட்டேன். அந்த மனுஷர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெயிலும் காத்தும் வெட்டுது தம்பி, கூலி கேக்காத ஆளுக, என்றார். அந்த வெட்கம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

அதற்கப்புறம் மரங்களைப் பார்க்கிற புத்தி வந்தது. நம்ம ஓடைப் பள்ளத்தில் நிற்கிற நாவல், வெளிச்சத்தைத் தேடிக் கிளையே விடாமல் மேலே மேலே போகும். அதே நாவல் மேட்டின் உச்சியில் காற்றுக்குக் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு குட்டையாக, தடியாக நிற்கும். இரண்டும் ஒரே சாதி, இரண்டுக்கும் நல்ல ஆரோக்கியம். உன் மரங்களும் அப்படித்தான். கடல் பக்கத்து மொட்டுகளை உப்புக் காற்று கருக்கிவிடும், மறுபக்கத்து மொட்டு மட்டும் பிழைத்து வளரும், அதனால் சாய்ந்ததுபோல் தெரிகிறது. பனி கொட்டுகிற நாட்டில் மரம் கூம்பாக நிற்பதும் பனி சறுக்கி விழுந்துவிடத்தானாம். இதெல்லாம் என் சொந்தச் சரக்கு இல்லை, ஞானசுந்தரி அம்மா சொன்னது. அவர் யார் என்று சொல்கிறேன்.

எஸ்டேட் மூடியதும் பறிக்க ஆளில்லாமல் தேயிலை காடாகிவிட்டது. ஏழாம் நம்பர் மலை அந்த வருஷம் கவாத்து முறை வந்திருந்த மலை, அது தலைக்கு மேலே போய்விட்டது, வெள்ளை வெள்ளையாகப் பூத்து தேனீ மொய்த்தது. உள்ளே யானை நின்றாலும் தெரியாது, தண்ணீர் பைப்புக்குப் போகிறவர்கள் யானை விலகட்டும் என்று தட்டைத் தட்டிக்கொண்டே போனோம். அப்போதுதான் இந்த மார்ச் மாசம் குன்னூர்ப் பக்கமிருந்து ஒருவர் எஸ்டேட்டைக் குத்தகைக்கு எடுக்கப் பார்க்க வந்தார், அவருடைய தோட்ட அதிகாரிதான் இந்த ஞானசுந்தரி, உன்னைவிட நாலைந்து வயசு கூட இருக்கும். அவர்கள் சொன்னது ஒரே பேச்சு. ஏழாம் நம்பர் மலையை முழங்கால் உயரத்துக்கு வெட்டிப் பார்ப்போம், துளிர்த்தால் எஸ்டேட் நடக்கும், இல்லையென்றால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட வேண்டியதுதான், நாம் குடியிருக்கிற லயத்தையும் காலி செய்ய வேண்டியிருக்கும். வெட்டுகிற பொறுப்பை என் தலையில் வைத்தார்கள்.

பக்கத்து வீட்டு முனியசாமி என் கையைப் பிடித்து, அண்ணே வேணாம், ஒரு இலைகூட இல்லாம வெட்டுனா செத்துப் போயிரும், பழி உங்க மேல விழும், என்றான். எனக்கும் அவன் சொன்னதுதான் சரி என்று பட்டது. ஆனால் அந்தப் பெண் பென்சில் கனத்தில் ஒரு வேரை வெட்டி, நீ புண்ணுக்குத் தடவுகிற அயோடின் இருக்கிறதே, அதைத்தான் தடவினார். வேர் மைக்கறுப்பாக மாறியது. பாத்தீங்களாங்க, உள்ளே நெறைய சாப்பாடு சேத்து வெச்சிருக்குதுங்க, வருசம் பூரா ஒருத்தரும் பறிக்கலையில்லீங்களா, அதுதான், தைரியமா வெட்டுங்க, என்றார். நாங்கள் நாசமாகப் போச்சு என்று நினைத்துக்கொண்டிருந்த அந்த ஒரு வருஷத்திலும் செடி சும்மா இருக்கவில்லை பார்த்தாயா.

ஏப்ரல் கோடை மழைக்குப் பின்னால் எட்டுப் பேர் வெட்டி முடித்தோம். முடிந்ததும் பார்த்தால் மலை முழுக்க வெறும் கட்டைகள், தீப்பிடித்து அணைந்த இடம் மாதிரி. பத்து நாள் ஒன்றுமில்லை, இருபது நாள் ஒன்றுமில்லை. தினம் காலையில் போய்க் குனிந்து பார்ப்பேன், லயத்தில் யார் முகத்தையும் பார்க்க முடியாது. முப்பது நாள் தாண்டியதும் உன் அம்மா, மொட்டக் கட்டைய மொறைச்சுப் பாத்தா முளைச்சிருமா, வந்து கஞ்சியக் குடிங்க, என்று கத்தினாள். நாற்பத்தாறாம் நாள் நான் போகவில்லை, எனக்குப் பயம் வந்துவிட்டது. அம்மாதான் முழங்கால் வலியோடு ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே, என்னாங்க, வந்து பாருங்க, என்று கூப்பிட்ட சத்தம் லயம் முழுக்கக் கேட்டது. பட்டையைக் கிழித்துக்கொண்டு சிவப்புச் சிவப்பாக அரிசி கனத்தில் மொட்டு, ஒரு கட்டையில் இல்லை, வரிசை வரிசையாக. மேல் வரிசையில் சிலது பட்டுத்தான் போயிற்று, அதையும் சொல்லிவிடுகிறேன், உன்னிடம் இனிமேல் மறைக்க மாட்டேன். நாளை திங்கட்கிழமை ஆபீஸ் திறக்கிறார்கள், எங்கள் இரண்டு பேருக்கும் பேர் பதிகிறார்கள். முன்போல எல்லாம் உடனே சரியாகிவிடாது, கொழுந்து பறிக்க இன்னும் மாசங்கள் ஆகும், விலையும் இன்னும் ஏறவில்லை. ஆனாலும் லயம் நம்முடையதாக இருக்கிறது, கைக்கு வேலை இருக்கிறது.

ஆகையால் கண்ணு, எங்களுக்காக என்று வேலையை விடாதே. குளிர் தாங்கவில்லை, மனசு ஒட்டவே இல்லை என்றால் தாராளமாக வா, உன் பாயும் தட்டும் இங்கேதான் இருக்கின்றன, யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். உனக்காக வந்தால் எனக்குச் சந்தோஷம், எங்களுக்காக வந்தால் அது என் பொய்யால் வந்த வினை என்று காலம் முழுக்க என்னை அரிக்கும். முதலில் அந்தச் சாய்ந்த மரங்களின் அடிப்பக்கத்தைப் போய்ப் பார்த்துவிட்டு எழுது, எவ்வளவு தடி என்று. அப்புறம் முடிவு பண்ணு.

அம்மா தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்காதே என்கிறாள், உறைந்துபோனால் வெந்நீரில் பாட்டிலை வைக்க வேண்டுமாம். ஜெஸிந்தாவை நாங்கள் கேட்டதாகச் சொல், அவள் அம்மா மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. நோயாளிகளிடம் உன் முன்கோபத்தைக் காட்டாதே, அது என்னிடமிருந்து வந்தது, எனக்குத் தெரியும். நீ நூறு வயசு நல்லபடியாக இருப்பாய்.

இன்னொன்று. ஏழாம் நம்பர் மலையில் கடைசி வரிசையில், பாறை ஓரத்துச் செடிக்குக் கத்தியை ஓங்கிவிட்டு இறக்கிவிட்டேன். ஏனுங்க இதை விட்டுட்டீங்க என்று ஞானசுந்தரி அம்மா கேட்டார். விட்டா எம்புட்டுத் தூரம் போகும்ங்க, என்றேன். முப்பது நாற்பது அடி போகும் என்றார், யாரும் வெட்டிவிடாமல் இருக்கத் தன் கையால் சிவப்புத் துணி கட்டிவிட்டார். அது இப்போது என்னைவிட இரண்டு முழம் உயரம். இந்த எஸ்டேட்டில் முப்பத்தொரு வருஷம் குனிந்தே பார்த்த தேயிலையை இப்போது அண்ணாந்து பார்க்கிறேன், கழுத்து வலிக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது. லீவில் வரும்போது நீயும் வந்து பார்.

இப்படிக்கு,
உன் நல்லதையே நினைக்கும் அப்பா,
ப. தங்கவேலு
(அம்மா ஆண்டாயி பக்கத்திலேயே இருக்கிறாள்)