ஏழாங்கட்டைப் பள்ளிக்கு நான் போட்ட ‘முன்னாள்’

மார்ச் 3, திங்கள்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. சிலிபின் சாலைக் கடையில் பேப்பர் வாங்கினேன். நான் அனுப்பிய செய்தி பத்தாம் பக்க மூலையில். என் பெயரும் வந்திருக்கிறது. சந்தோஷம் அரை நிமிடம்தான்.

தலைப்பு: ‘ஏழாங்கட்டை முன்னாள் தமிழ்ப்பள்ளியில் விளையாட்டுப் போட்டி.’

அந்த ‘முன்னாள்’ பேப்பர் ஆபீஸில் யாரும் சேர்த்ததல்ல. கைப்பேசியில் பார்த்துவிட்டேன், நானே அனுப்பியது. ஏழாங்கட்டைத் தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து எவ்வளவோ காலம். அங்கிருந்து எழுதும் எதற்கும் ‘முன்னாள்’ போட்டுப் பழகிய கை. மு. கிராணி (தோட்டக் கணக்கர்), மு. மண்டோர் (கங்காணி), மு. கோயில் தலைவர். பழைய செய்தியை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றும் பகுதிநேர நிருபர் புத்தி.

பள்ளி இருக்கிறது. பதினோரு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

மார்ச் 4, செவ்வாய்

த.ஆ. (தலைமையாசிரியை புஷ்பா) போன். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“அக்கா, கவிதா கூப்பிட்டுச்சு. ஸ்கூல மூடிட்டாங்களா, பேப்பர்ல போட்டிருக்கேன்னு கேக்குது. மகள டவுன்லயே சேத்துடப் போறேன்னு சொல்லுது லா.”

கவிதா பள்ளிக்குப் பக்கத்துத் தாமான் வீட்டு வரிசையில் குடியிருப்பவள். அடுத்த வருடம் முதலாம் ஆண்டுக்கு வருவதாக இருந்த ஒரே பிள்ளை அவள் மகள். அதுவும் போனால் முதலாம் ஆண்டு வகுப்பே கிடையாது. பிறகு பள்ளியை இடம் மாற்றும் பேச்சு தொடங்கும்.

பேப்பர் ஆபீஸுக்கு அழைத்தேன். “திருத்தம்தானே, போட்டுடலாம். இடம் இருந்தா.”

ராத்திரி சோறு இறங்கவில்லை.

மார்ச் 5, புதன்

திருத்தம் வரவில்லை. நான் வேலை செய்யும் கிளினிக் கவுண்டரில் கூட்டமில்லை. வேலை நேரத்தில் பேப்பர் முழுக்க அந்தச் சொல்லையே தேடிக்கொண்டிருந்தேன். குற்றமுள்ள நெஞ்சு.

– அரசியல்: முன்னாள் அமைச்சர். பதவி போனாலும் பந்தா போகவில்லை.
– நீதிமன்றம்: முன்னாள் கணவர். அந்தப் பக்கத்தில் வந்தாலே நல்லதுக்கில்லை.
– பந்து: முன்னாள் ஆட்டக்காரர். இப்போது ஆடுகிறவர்களைத் திட்டுவதற்கென்றே இருக்கிறார்.
– மரண அறிவிப்பு: முன்னாள் மண்டோர். செத்தும் வேலையை விடவில்லை மனுஷன்.

ஆளுக்குப் போட்டால் பெரும்பாலும் மரியாதை. பள்ளிக்குப் போட்டால் பூட்டு.

பால் மாவு முடிந்துவிட்டது. வாங்கணும்.

மார்ச் 6, வியாழன்

சாயங்காலம் மழை. திருத்தம் வந்துவிட்டது, டயர் விளம்பரத்துக்குக் கீழே இரண்டு வரி. எழுதிக் கொடுத்த எனக்கே மூன்றாவது தடவைதான் கண்ணில் பட்டது. கவிதாவுக்கு மூன்று முறை அழைத்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 8, சனி

பள்ளியில் கோத்தோங் ரோயோங். பெற்றோர் எல்லாரும் கூடிச் சுத்தம் செய்யும் நாள். நானும் துடைப்பத்தோடு போனேன். செய்த பாவத்துக்குக் கழிவறைப் பக்கத்தை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பத்து மணிக்கு மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. கவிதா. பின்னால் மகள்.

“ஒங்க மிஸ் கால் பாத்தேன்க்கா. பேப்பர நம்புறதா, டீச்சர நம்புறதான்னு தெரியல. அதான் நேர்ல வந்துட்டேன்.”

மன்னிப்புக் கேட்டேன். நீளமாகத்தான் கேட்டேன். அவள் பாதிவரை கேட்டாள். பிள்ளை அதற்குள் சறுக்குமரத்தில் ஏறிவிட்டது. கூப்பிட்டால் இறங்குவதாக இல்லை.

“இவ இனி டவுனுக்கு வர மாட்டா. ஃபாரம் குடுங்க டீச்சர்.”

பள்ளி மேசையிலேயே எல்லாம் நிரப்பிக் கையெழுத்தும் போட்டாள். அப்பாடா. ஐந்து நாள் கழித்து இன்றுதான் ருசித்துச் சாப்பிட்டேன், த.ஆ. கட்டிக்கொண்டு வந்த நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றை.

பேப்பருக்குப் படம் எடுத்தேன். பிள்ளை பெயர் தர்ஷினி.

“எம்பேரயும் போடுங்கக்கா. நானும் இங்கதான் படிச்சேன், ஆறாம் ஆண்டு வரைக்கும்.”

தட்டச்சு செய்யப் போனேன். ‘மு’வில் விரல் நின்றுவிட்டது. த.ஆ. என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

“போடுங்கக்கா. இங்க போடலாம் லா.”

போட்டேன். முன்னாள் மாணவி கவிதாவின் மகள்.