காற்றைப் பார்த்து ஓடியது

ஆரோக்கியம்மாளுக்கு, கொச்சியிலிருந்து அமிர்தராஜ் சொல்லச் சொல்ல, நம்மூர் டிரைவர் ஆல்பர்ட் எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

பயப்படாமல் கேள். டேங்கர் லாரியில் கேஸ் கசிந்தால் எப்படித் தப்பிப்பது என்று எங்கள் யார்டில் பயிற்சி வைத்தார்கள். தேறாதவருக்கு வாட்ச்மேன் வேலை கிடையாதாம்.

"பெருசு, படிக்கத் தெரியாத ஆள ஊருக்கு பஸ் ஏத்திருவாக" என்று ஆல்பர்ட் கேலி செய்தான்.

ஆபீசர் புகையைக் கிளப்பி, ஓடச் சொன்னார். எல்லோரும் கேட் பக்கம் ஓட, புகையும் கூடவே போனது. நான் ஒரு பிடி மண்ணைத் தூவிப் பார்த்து, புகையைச் சுற்றிக்கொண்டு காற்று வந்த திசைக்குப் போனேன். நமக்குக் கல்யாணமான வருஷம் அனுமந்தன்பட்டிக் களத்தில் நெல் தூற்றும்போது என் கண்ணெல்லாம் தூசி. "காத்தப் பாத்து நில்லுய்யா, கிறுக்கு மனுசா!" என்று சிரித்தாய். அன்றைக்கு நீ கட்டியிருந்த மஞ்சள் சேலைகூட ஞாபகம் இருக்கிறது.

"யார் சொல்லித் தந்தது?" என்றார் ஆபீசர். "என் வீட்டுக்காரி" என்றேன். தேறிவிட்டேன்.

வேலைக்குத் தந்த புது அடையாள அட்டையில், ஆபத்தென்றால் கூப்பிட உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். எப்போதும் அணைந்தே கிடக்கும் அந்தப் போனைச் சார்ஜில் போட்டு வை. ஆபத்தெல்லாம் வராது. சாயங்காலம் நான்தான் கூப்பிடுவேன்.

லாரி வந்துவிட்டது, கேட்டைத் திறக்கணும்.

அமிர்தராஜ்