வெளுத்த கல்லெல்லாம் செத்த கல் அல்ல

அனுப்புபவர்:
எமிலியானுஸ் மகள் அன்ரோனெற், வயது பதினைந்து,
கல்லடிக்கரை, தாராபுரத்துக்கு அயல், மன்னார்த் தீவு.

பெறுபவர்:
கனம் உதவி அரசாங்க அதிபர் துரை அவர்கள்,
மன்னார்க் கச்சேரி.

விடயம்: விளக்கமறியலில் இருக்கும் என் தகப்பனாரை விடுவிப்பதும், சூளைக்காகக் கடலில் உயிரோடு வளரும் முருகைக்கல்லை உடைப்பதை நிறுத்துவதும்.

மதிப்புக்குரிய துரை அவர்களுக்கு,

1. சுண்ணாம்புச் சூளைக்குப் பக்கத்தில் குவித்த கல் நாறுவதைத்தான் முதலில் கவனித்தேன். கருவாட்டு நாற்றம் எனக்குப் பழக்கம், இது அதுவல்ல. கல்லிலிருந்து சளி வடிந்தது, ஈ மொய்த்தது. முன்பு கரையில் ஒதுங்கும் கல்லைப் பொறுக்கித்தான் சுண்ணாம்பு சுட்டார்கள். அது ஒருநாளும் நாறியதில்லை.

2. செத்த கல்லை மட்டுமே எடுக்கலாம் என்று துரை அவர்களின் அறிவித்தல் சொல்கிறது. சூளைக் குத்தகைக்காரரின் ஆட்களோ கடலடிப் பாறைத்திட்டான பாரில் உயிரோடு நிற்கும் கல்லை அலவாங்கால் பெயர்க்கிறார்கள். மூன்று நாள் வெயிலில் சதை அழுகிப்போக எந்தக் கல்லும் வெளுத்துவிடும். நாலாம் நாள் எங்கள் ஊர் அதிகாரியான விதானையார் வந்து, வெள்ளையாக இருப்பதால் செத்த கல் என்று எழுதிக்கொண்டு போகிறார். செத்ததுதான். கொன்றது யார் என்று அவர் எழுதுவதில்லை.

3. எங்கள் பாரில் மான்கொம்புபோலக் கிளைவிடும் கல், மூளைபோல மடிப்புள்ள உருண்டைக் கல், தட்டாகப் படரும் கல் ஆகியவை அதிகம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இதையெல்லாம் முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்தே அறிந்தேன். கல்லின் ஒவ்வொரு குழியிலும் ஒரு சிறு பூச்சி இருக்கிறது. பகலில் ஒடுங்கியிருந்து, பொழுதுபட வாயைச் சுற்றி நூல்போன்ற விரல்களை விரித்து இரை பிடிக்கும். செத்தவற்றின் வீட்டுக்கு மேலே உயிருள்ளவை வீடு கட்டும். கல் வளர்வது அப்படித்தான். மான்கொம்பு வருடத்துக்கு நாலு விரல் நீளும். உருண்டைக் கல் ஒரு நகத்தளவுதான். ஆளுயரம் நின்ற உருண்டைக் கல்லொன்றை ஒரே காலையில் உடைத்து முடித்தார்கள். அதன் இடுக்கில்தான் தகப்பனார் மீன்கூடு வைப்பார். இப்போது கூடு வெறுமையாக வருகிறது.

4. தகப்பனார் இதை விதானையாரிடம் முறையிட்டார். "கல்லுக்கு உயிரெண்டால் உன்ரை வீட்டு அம்மிக்கும் சோறு வையன், எமிலியானுஸ்" என்று விதானையார் சொல்ல, சூளை ஆட்கள் சிரித்தார்கள். உயிரைக் கண்ணால் காட்டினால் நம்புவார் என்று நினைத்தேன். மான்கொம்பில் ஒரு கிளையை உடைத்து, கடல்நீரோடு பானையில் வைத்துக் கொண்டுபோகச் சொன்னேன். பொழுதுபடும் நேரம் தகப்பனார் பானையை விதானையார் வீட்டு முற்றத்தில் இறக்கினார். நான் வேலிக்கு வெளியே நின்றேன். பூச்சிகள் எல்லாம் விரிந்தன. விதானையார் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, "ஓம், உயிர் இருக்குத்தான். அப்ப இதை உடைச்சவன் நீதானே?" என்றார்.

5. அறிவித்தல் வந்த நாள் முதல் எங்கள் கரையில் பிடிபட்டவர் என் தகப்பனார் ஒருவரே. சாட்சிப் பொருள் அந்தப் பானை. நாலு வள்ளம் கல் உடைத்தவர்கள் இன்றும் உடைக்கிறார்கள். வருகிற வியாழக்கிழமை தகப்பனாரின் வழக்கு.

6. ஆகையால் அதற்கு முன் துரை அவர்கள் எங்கள் கரைக்கு வந்து, வள்ளத்திலிருந்து இறக்கும்போதே கல்லைப் பார்க்க வேண்டும். நாலாம் நாள் அல்ல. தகப்பனாரை விட வேண்டும். அந்த ஒரு கிளைக்குக் குற்றவாளி வேண்டுமென்றால், உடைக்கச் சொன்னவள் நான். என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

7. விதானையார் கையொப்பம் இல்லாத மனுவைக் கச்சேரியில் வாங்கமாட்டார்கள் என்று சொல்கிறார்கள். அவரிடம் நான் போகவில்லை. அந்நியர் முன் எனக்குப் பேச்சு வராது, அதனால் எழுதினேன். எழுதியதை எடுத்துக்கொண்டு மன்னாருக்கு நடந்து வந்து, கச்சேரி விறாந்தையில் நிற்கிறேன்.

இப்படிக்கு,
எ. அன்ரோனெற்

மன்னார்,
1926 ஏப்ரல் 12, திங்கட்கிழமை.