பாறைப்புலிக்குக் கேசிங் பைப் எங்கே?

வெள்ளிக்கிழமை, இரவு

பழைய ‘பாறைப்புலி’ கார்ட்டூனைப் புதுசாக எடுத்து டிவிடியில் விட்டிருக்கிறார்கள். பள்ளிச் சுவரிதழுக்கு அதைப் பற்றி விமர்சனம் எழுதினேன். படம் பளபள, தமிழ்க் குரல் கரகர என்றேன். அதுவரை சிரித்துக்கொண்டே படித்த தமிழ் டீச்சர், கடைசிப் பத்தியில் முறைத்தார். நான் எழுதியிருந்தது இது:

“புலி கேசிங் பைப் இறக்காமலே நிலத்தைத் துளைக்கிறது. மேல்மண் சரிந்து அதுவே புதைந்துவிடும். வில்லனுக்கு வேலையே இல்லை.”

“குறும்புக்குன்னு எதையாச்சும் எழுதாத. இதை எடுத்தாத்தான் ஒட்டுவேன்.”

“நிசமுங்க டீச்சர். எங்கப்பா போர் போடற ரிக் வண்டியில டிரில்லருங்க. வேணும்னா கேளுங்க.”

கேட்டேவிட்டார், போனை ஸ்பீக்கரில் போட்டு. பத்தியைப் படித்துக் காட்டியதும், ஆந்திராவில் ஏதோ காட்டிலிருந்து கம்ப்ரசர் இரைச்சலுக்கு மேல் அப்பா கத்தினார்: “பாப்பா எழுதுனது சரிதானுங்க! அந்தப் புலியை எங்க வண்டியில வேலைக்குச் சேத்த மாட்டமுங்க!”

“முழுசாவே ஒட்டிடறேன்” என்றார் டீச்சர், சிரிப்பை அடக்க முடியாமல்.

“இன்னொருக்கா படிங்க டீச்சர், வண்டிப் பசங்களும் கேக்கட்டும்” என்றார் அப்பா.

இரைச்சல் நின்றது. நான் எழுதியதைக் கேட்க அப்பா கம்ப்ரசரை நிறுத்தியிருக்கிறார். டீசல் தீர்ந்தாலொழிய அதை நிறுத்தாத மனுசன்.